ஆர்டரை இரட்டிப்பாக்கும் முன் பழைய பில்லைப் பாருங்கள்: பெரிய ஆலைகளின் கொள்முதல், நிதிப் பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையில் பம்ப், மோட்டார், வால்வு, ஜவுளி இயந்திரப் பாகங்களைச் சிறு பட்டறைகளிடம் செய்து வாங்கும் ஆலைகளின் கொள்முதல், நிதிப் பிரிவுத் தலைவர்களுக்கு,

உங்களுக்குப் பாகம் செய்து தரும் பட்டறைக்காரர்களான எங்களுக்கு, ஒரே வாரத்தில் உங்களிடமிருந்து இரண்டு தாள்கள் வந்தன. முதலாவது, வெண்டர் கூட்டத்தில் கையில் கொடுத்த ஷெட்யூல். வரும் நிதியாண்டில் எண்ணிக்கை இரட்டிப்பு, கெபாசிட்டியைக் கூட்டுங்கள், கூட்டாதவர்களின் பாகம் வேறு இடத்துக்குப் போகும் என்கிறது. இரண்டாவது மின்னஞ்சலில் வந்தது. பில் தேதியிலிருந்து 60 நாள் என்றிருந்த தவணை, இனி ஜிஆர்என் (சரக்கைப் பெற்றதற்கு ஆலை போடும் ரசீது) போட்ட தேதியிலிருந்து 90 நாள் என்கிறது. முதல் தாள் கொள்முதல் பிரிவில் எழுதப்பட்டது, இரண்டாவது நிதிப் பிரிவில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாங்கள் கூட்டிப் பார்த்தோம்.

90 நாள் என்பது 90 நாளில் முடிவதில்லை. சரக்கு உங்கள் கேட்டில் நுழைந்ததும் செக்யூரிட்டி டிசியில் (டெலிவரி சலானில்) சீல் வைக்கிறார். அங்கிருந்து இன்வர்ட் பதிவு, பிறகு இன்ஸ்பெக்‌ஷன் வரிசை, அதற்குப் பிறகுதான் ஜிஆர்என். சாதாரண நாளில் இதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. மாதக் கடைசியில் ஸ்டாக் குறைவாகக் காட்ட வேண்டும் என்றால் சரக்கு இன்ஸ்பெக்‌ஷன் பகுதியிலேயே கிடக்கும். 90 நாள் முடிந்த பிறகும் பணம் போடுவது மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு தேதிகளில்தான். 11ஆம் தேதி தவணை முடிந்த பில் 25 வரை காத்திருக்கும். எல்லாம் சேர்த்தால் சரக்கு இறங்கிய நாளிலிருந்து பணம் வரச் சராசரியாக 105 நாள், அதாவது மூன்றரை மாதம்.

இதை ஒரு பட்டறையின் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி என்று கணினியில் ஓடும் மூன்று மிஷின்கள், ஒன்பது பேர். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குப் பில், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. செலவு இப்படிப் போகிறது: இஎன்8 எஃகு ராடும் காஸ்டிங்கும் 5.5 லட்சம், சம்பளம் 1.6 லட்சம், மிஷின் தவணை 90 ஆயிரம், மின்சாரம் 50 ஆயிரம், வெட்டும் முனையான இன்சர்ட், டிரில், கூலன்ட் 40 ஆயிரம், வாடகை 30 ஆயிரம், வண்டியும் சில்லறையும் 20 ஆயிரம். மொத்தம் 9.4 லட்சம். நடைமுறை மூலதனத்துக்கான வட்டியைக் கழிக்கும் முன் மிஞ்சுவது 60 ஆயிரம், நூற்றுக்கு ஆறு. ஆளுக்கு ஆள், பாகத்துக்குப் பாகம் இது மாறும். ஆனால் இந்த அளவுப் பட்டறை நடத்தும் எவரும் இந்தக் கணக்கை அந்நியமாகப் பார்க்க மாட்டார்.

இந்தப் பட்டறைக்கு 105 நாளில் உங்களிடம் நிற்கும் தொகை, வரியோடு 11.8 லட்சத்தை மூன்றரையால் பெருக்கினால், 41.3 லட்சம். வங்கி இதற்கு எவ்வளவு கொடுக்கும்? 5 கோடி வரையிலான சிசி (கேஷ் கிரெடிட் கடன்) லிமிட்டை வங்கிகள் வழக்கமாக ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்று கணக்கிடுகின்றன. 1.2 கோடி விற்பனைக்கு 24 லட்சம். மீதி 17.3 லட்சத்தை எங்காவது புரட்ட வேண்டும். நகை அடகு ஓரளவுதான் தாங்கும், அதற்கு மேல் மாதம் நூற்றுக்கு இரண்டு என்ற ரெண்டு வட்டிதான். சிசி 11 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி 22,000. வெளியே வாங்கிய 17.3 லட்சத்துக்கு மாதம் 34,600. 60 ஆயிரத்தில் மிஞ்சுவது 3,400 ரூபாய். இதில்தான் முதலாளியின் வீட்டுச் செலவும் வர வேண்டும்.

அதே பட்டறைக்கு 45 நாளில் பணம் வந்தால் நிற்கும் தொகை 17.7 லட்சம். முழுவதும் சிசிக்குள் அடங்கும். வட்டி சுமார் 16,200 போக 43,800 மிஞ்சும். வித்தியாசம் மாதம் 40 ஆயிரம், விற்பனையில் 4 சதவீதம். ஆண்டுதோறும் ஏப்ரலில் 2 சதவீத ரேட் குறைப்பு கேட்டு வரும் கொள்முதல் அதிகாரிகளே, அதைப் போல இரண்டு மடங்கை உங்கள் நிதிப் பிரிவு கையெழுத்தே இல்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி முதல் தாளுக்கு வருவோம். ஆர்டரை இரட்டிப்பாக்குகிறீர்கள். பழைய வாடகை, பழைய தவணை அப்படியே இருக்க விற்பனை மட்டும் கூடுவதால் லாப விகிதமும் கூடும் என்று காகிதத்தில் தோன்றும். நடப்பில் இரண்டாவது ஷிப்டுக்கு மிஷினை அமைத்துக் கொடுக்கும் ஒரு செட்டர் தேவை, இரவில் அளந்து பார்க்க ஒரு ஆள் தேவை, இன்னொரு மிஷினுக்குத் தவணை தொடங்குகிறது. மின் இணைப்பின் லோடைக் கூட்டினால் மிஷின் ஓடாத நாளுக்கும் நிலைக்கட்டணம் வருகிறது. ஆட்கள் பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப். அதனால் நூற்றுக்கு ஆறு என்பது பெரும்பாலும் ஆறாகவே நிற்கிறது. விற்பனை 20 லட்சம், மிச்சம் 1.2 லட்சம். உங்களிடம் நிற்பதோ 82.6 லட்சம். வங்கி லிமிட்டைக் கூட்டித் தரும், ஆனால் கூடிய விற்பனை ஜிஎஸ்டி கணக்கிலும் பேலன்ஸ் ஷீட்டிலும் தெரிந்த பிறகுதான், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அதுவரை அதே 24 லட்சம். மீதி 58.6 லட்சத்தையும் ரெண்டு வட்டிக்கு எடுத்தால் மாதம் 1,17,200, சிசி வட்டி 22,000, ஆக 1,39,200. வருமானம் 1,20,000. மாதம் 19,200 நஷ்டம்.

ஒற்றை ஷிப்டில் 3,400 ரூபாய் மிஞ்சிய பட்டறை, உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்ததும் நஷ்டத்தில் ஓடுகிறது. ரேட் மாறவில்லை, லாப விகிதம் மாறவில்லை, தரம் குறையவில்லை. ஆர்டர் கூடியது ஒன்றுதான் காரணம். ஆர்டர் இல்லாமல் மூடிய பட்டறைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கை நிறைய ஆர்டர் இருக்கும்போதே மிஷினை விற்ற பட்டறைகள் கணபதியிலும் சின்னவேடம்பட்டியிலும் குறிச்சியிலும் உண்டு.

வங்கியின் நாள் கணக்கு வேறு. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பில்களைப் பொதுவாக வங்கி சேர்க்காது, டிராயிங் பவர் (கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை) அந்த அளவுக்குக் குறையும். நீங்கள் இழுக்கும் கடைசிப் பதினைந்து நாளில்தான் எங்களுக்குப் பணம் அதிகம் தேவை, வங்கி கையை எடுப்பதும் அப்போதுதான். மிஷின் தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். 30 நாள் தாண்டும்போதே கணக்கின்மேல் எஸ்எம்ஏ-1 (சிக்கலில் உள்ள கணக்கு) என்ற முத்திரை விழுகிறது, அடுத்த கடனுக்குப் போனால் அது திரையில் தெரிகிறது. நீங்கள் எங்களிடம் எடுத்துக்கொள்ளும் 105 நாளை எங்களுக்குத் தர யாரும் இல்லை.

ஜிஎஸ்டியில் நடப்பது இதைவிட மோசம். மேலே சொன்ன பட்டறை மாதம் 1.8 லட்சம் வரியைப் பில்லில் போடுகிறது. மூலப்பொருளுக்கும் டூலுக்கும் கொடுத்த வரியைக் கழித்தால் சுமார் 74 ஆயிரத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கையிலிருந்து கட்ட வேண்டும். லாபத்தைவிட அதிகத் தொகை இது. காலாண்டுத் தாக்கல் முறைக்குப் போகத் தகுதியுள்ள சிறு பட்டறைகளையும் நீங்கள் மாதாமாதம் தாக்கல் செய்யச் சொல்கிறீர்கள், பில் உடனே உங்கள் 2பியில் (வரி வரவுப் பட்டியலில்) தெரிய வேண்டும் என்பதற்காக. தெரிந்ததும் 1.8 லட்சத்தையும் வரவு எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த 1.8 லட்சம் எங்களுக்கு வருவது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. எங்களுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று சட்டம் 180 நாள் வரை உங்களைக் கேட்காது. ஒரு மாதம் எங்களால் வரி கட்ட முடியாமல் போனால் 3பி (வரி கட்டும் மாதக் கணக்கு) தாக்கலாகாது. 3பி இல்லாமல் விற்பனை பில்களை ஏற்றும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 திறக்காது. பில் உங்கள் 2பியில் வராது. உடனே உங்கள் கணக்குப் பிரிவு, "2பியில் இல்லை, பேமென்ட் ஹோல்ட்" என்று எழுதுகிறது. நீங்கள் பணம் தராததால் வரி கட்டவில்லை, வரி கட்டாததால் பணம் தர மாட்டீர்கள். இந்தச் செக்குமாட்டுச் சுற்றில் ஒரு முறை மாட்டியவர் வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகிறது, 18 சதவீத வட்டியோடு.

பட்டறைக்குள் இதன் விளைவு உங்கள் அசெம்ப்ளி லைனில்தான் வந்து விழுகிறது. பணம் இறுகினால் முதலில் நீள்வது இன்சர்ட்டின் ஆயுள். ஒரு முனைக்கு 150 பீஸ் என்று வைத்திருந்ததை 220 வரை ஓட்டுவார்கள், ஃபினிஷ் போகும், துளையின் அளவு கீழ் எல்லையை ஒட்டி நகரும். அடுத்து கூலன்ட்: மாற்ற வேண்டியதைத் தண்ணீர் ஊற்றி ஓட்டுவார்கள், பாகம் துரு ஏறி வரும். மூன்றாவது, மெட்டீரியல். டன் கணக்கில் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு வாங்கியவர், கையில் காசில்லாமல் சில்லறையாக 200 கிலோ, 300 கிலோ எடுப்பார். கிலோவுக்கு விலையும் கூடுதல், ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) எதுவென்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. துளையை அளக்கும் பிளக் கேஜின் காலிபரேஷன் தள்ளிப் போகும். கடைசியில் செட்டர் விலகுவார், சம்பளம் 7ஆம் தேதி வராத இடத்தில் நல்ல செட்டர் நிற்க மாட்டார். உங்கள் தரப் பிரிவு இதற்கெல்லாம் எட்டு கட்ட அறிக்கை கேட்கிறது. மூலக் காரணம் என்ற கட்டத்தில் "105 நாள்" என்று எழுத அனுமதி இல்லை.

ரிஜெக்‌ஷன் டெபிட் நோட்டும் (தேறாத சரக்குக்காகப் பணத்தைக் கழிக்கும் சீட்டு) அப்படித்தான். சரக்கு கொடுத்து 70 நாள் கழித்து, பணம் வரும் வாரத்தில், லைனில் 40 பீஸ் தேறவில்லை என்று கழிக்கிறீர்கள். பீஸைத் திருப்பித் தருவதில்லை, எந்த லாட் என்று சொல்வதில்லை. அதன்மேல் அடுத்து நடந்த மில்லிங், பெயிண்டிங் செலவையும் சேர்க்கிறீர்கள். தகவல் காலத்தில் வந்தால்தான் நாங்கள் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிசெய்ய முடியும்.

இப்போது சட்டம். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டம், 15ஆம் பிரிவு: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதையும் சட்டமே சொல்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஜிஆர்என் என்ற சொல் அதில் இல்லை. உங்கள் உள் நடைமுறைக்காக நீங்கள் வைத்துக்கொண்ட ஒரு தாளை வைத்து எங்கள் நாளை எண்ண முடியாது. 16ஆம் பிரிவு, தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி என்கிறது. பேங்க் ரேட்டை 5.5 சதவீதம் என்று வைத்தால் 16.5 சதவீதம். 11.8 லட்சம் பில் 60 நாள் தாமதமானால் சுமார் 32,700 ரூபாய். அந்த வட்டியை நீங்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இதற்கு மாறாக பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் 90 நாள் என்று பொடி எழுத்தில் அச்சடித்தாலும் 24ஆம் பிரிவின்படி சட்டம்தான் நிற்கும்.

இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்ததால்தான் இரண்டு வழிகள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டத்தில் 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) விதி, காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க விடுவதில்லை. ஆனால் அது கணக்குப் பார்ப்பது மார்ச் 31 அன்று. மே மாத பில்லை செப்டம்பரில் கொடுத்தால் உங்கள் வரியில் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே மார்ச்சில் மட்டும் பணம் ஓடி வருகிறது, பிப்ரவரியிலேயே ஆர்டர் குறைகிறது, ஏப்ரலில் பழையபடி தாமதம். நாங்கள் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்கிறோம்.

இரண்டாவது வழி, எங்களில் சிலரிடம் உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவை) ரத்து செய்துவிட்டு வரச் சொல்வது. இந்தச் சட்டப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான், நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கான எல்லையே முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி. எங்களில் யாரும் அதன் அருகில்கூட இல்லை. பதிவை விட்டால் வங்கிக் கடன் உத்தரவாதம் முதல் மானியம் வரை போகும். பிறகு மீண்டும் பதிவு செய்தாலும், ஆர்டருக்கு முன்பே பதிவு இருந்ததா என்பதுதான் வழக்கில் எழும் முதல் கேள்வி. வாய்மொழியாகக் கேட்கிறீர்கள், எழுத்தில் கேட்பதில்லை. எழுத்தில் கேட்க முடியாத ஒன்றை ஏன் கேட்கிறீர்கள்?

இந்தச் சட்டப்படி பாக்கி வழக்கைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போங்களேன் என்று வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். அரசின் இணையத் தளத்தில் மனுவைப் பதிவு செய்யலாம், சட்டப்படி 90 நாளில் முடிவு வர வேண்டும், மேல்முறையீட்டுக்குப் போனால் நீங்கள் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். ஆனால் மனு போட்ட அன்று மாலையே அடுத்த மாத ஷெட்யூல் பூஜ்யம் ஆகும். விற்பனையில் 70 சதவீதம் ஒரே ஆலைக்குப் போகும் பட்டறை அங்கே போவது, கடையை மூட முடிவெடுத்த பிறகுதான். அதனால்தான் மனுவாக அல்லாமல் மடலாக எழுதுகிறோம்.

எங்கள் பக்கத் தவறுகளையும் ஒப்புக்கொள்கிறோம். ஆர்டர் எண் இல்லாத பில், டிசியில் 500, பில்லில் 498, தவறான எச்எஸ்என் (சரக்கின் வரிக் குறியீடு), லாட் எண் எழுதாத டப்பா, இவற்றால் ஜிஆர்என் தாமதமாவது உண்டு. ரேட் கொடுக்கும்போது சைக்கிள் டைமை மட்டும் எண்ணிவிட்டு, பணம் வரும் நாளை எண்ணாமல் விடுவதும் எங்கள் தவறுதான். பெரிய ஆலை பெயர் என்றால் மயங்கி ஆர்டரை வாங்கி விடுகிறோம். இதற்கு மேல் அப்படி ரேட் கொடுக்கப் போவதில்லை. 45 நாளுக்கு ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு 30 நாளுக்கும் ஒன்றரை சதவீதம் கூடுதல் என்று கொட்டேஷனிலேயே எழுதுவோம்.

எங்களுக்கே டீலரும் அரசுத் துறையும் தாமதமாகத்தான் தருகிறார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப உங்களுக்கு எங்களைவிடக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் நடைமுறை மூலதனத்தை, மிக அதிக வட்டி கட்டுபவனின் தோளில் ஏற்றுவதில் உங்களுக்கே லாபம் இல்லை, அது வேறு பெயரில் உங்கள் விலையில் வந்து சேரும்.

உங்கள் பணத்தைத் தொடாமலே எங்களுக்குக் காலத்தில் கிடைக்கும் வழியும் உண்டு. ட்ரெட்ஸ் என்ற பில் டிஸ்கவுன்ட் இணையத் தளத்தில் நாங்கள் பில்லை ஏற்றினால், நீங்கள் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டி போட்டு டிஸ்கவுன்ட் விகிதம் சொல்லும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஓரிரு நாளில் பணம் வரும். தவணை நாளில் நீங்கள் வங்கிக்குக் கொடுத்தால் போதும். நீங்கள் கொடுக்காவிட்டாலும் வங்கி எங்களிடம் திரும்ப வராது. வட்டி உங்கள் ரேட்டிங்கை வைத்து முடிவாவதால் எங்கள் சிசியைவிடக் குறைவு. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் அறிவிப்பு. சேர்ந்துவிட்டீர்கள். சேர்ந்த பிறகு பில்லை ஒப்புக்கொள்வதில்லை. கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டிப் பூட்டி வைத்தது போல இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. 90 நாள் மின்னஞ்சலைத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டரிலும் "கேட் என்ட்ரி தேதியிலிருந்து 45 நாள்" என்று எழுதுங்கள். நாள் எண்ண டிசியில் உள்ள செக்யூரிட்டி சீல் போதும். பணம் போடும் நாளை மாதம் இரண்டிலிருந்து வாரம் ஒன்றாக்குங்கள், அதிலேயே ஒரு வாரம் வரை குறையும்.

ரிஜெக்‌ஷன் என்றால் சரக்கு வந்த 15 நாளுக்குள் லாட் எண், அளவு அறிக்கை, பீஸ் மூன்றையும் கொடுங்கள். அதற்குப் பின் லைனில் வெளிப்படும் உள்குறைகளுக்கு, காஸ்டிங் புளோஹோல் போன்றவற்றுக்கு, தனி விதி எழுதிக்கொள்ளலாம், பேசத் தயாராக இருக்கிறோம்.

பில் தொகைக்கு 45 நாள் ஆனாலும், அதில் உள்ள ஜிஎஸ்டி பகுதியை மட்டும் அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் அதை வரவு எடுக்கும் மாதமும் அதுதான்.

ட்ரெட்ஸில் ஏற்றும் பில்லை மூன்று வேலை நாளில் ஒப்புக்கொள்ளுங்கள். 45 நாளுக்கு மேல் தவணை வேண்டுமென்றால் அதற்கு மேலான டிஸ்கவுன்ட் உங்கள் கணக்கில்.

ஷெட்யூலை இரட்டிப்பாக்க வேண்டுமா, இரண்டில் ஒன்று செய்யுங்கள்: ராடும் காஸ்டிங்கும் நீங்களே வாங்கிக் கொடுத்து மிஷினிங் கூலி மட்டும் பில் போடச் சொல்லுங்கள், அல்லது கூடுதல் எண்ணிக்கைக்கான மெட்டீரியல் மதிப்பில் பாதியை முன்பணமாகக் கொடுத்து ஆறு மாதத்தில் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை ஒரே மாதத்தில் ஏற்றாமல் காலாண்டுக்கு 25 சதவீதமாக ஏற்றுங்கள். முதல் மூன்று மாத ஷெட்யூல் உறுதியானதாக இருக்கட்டும், நிறுத்தினால் வாங்கி வைத்த மெட்டீரியலை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஃபிக்ஸ்சருக்கும் கேஜுக்கும் தனி ஆர்டர் போடுங்கள்.

உத்யம் பதிவைப் பற்றி இனி எந்த அதிகாரியும் எங்களிடம் பேசக் கூடாது என்று உள் சுற்றறிக்கை அனுப்புங்கள். 45 நாள் தாண்டிய எங்கள் பாக்கியை ஆண்டுக் கணக்கிலும் அரசுக்குக் கொடுக்கும் அரையாண்டு எம்எஸ்எம்இ-1 படிவத்திலும் கேட் என்ட்ரி தேதியை வைத்தே காட்டுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, எந்த பில் எந்த நிலையில் நிற்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு வெண்டருக்கும் அனுப்புங்கள். கேள்வி கேட்க ஒரே ஒரு அதிகாரியின் பெயரைக் கொடுங்கள். இப்போது கொள்முதல் கணக்கைக் காட்டுகிறது, கணக்கு ஸ்டோரைக் காட்டுகிறது, ஸ்டோர் இன்ஸ்பெக்‌ஷனைக் காட்டுகிறது.

புது ஷெட்யூலில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். மேலே கேட்டவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு போடுகிறோம். அதுவரை பழைய எண்ணிக்கை, பழைய ரேட், குறித்த நாளில் சரக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
கணபதி, சின்னவேடம்பட்டி, குறிச்சி வட்டார ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்கள்
கோயம்புத்தூர்